மூக்குக்கண்ணாடியைக் கழற்றும் டாக்டர்

கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரை எல்லோரும் "டாக்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. பல வருடங்களாக மேடையிலும் தொலைக்காட்சியிலும் டாக்டராகவே நடித்தவர். பாதி நாடகங்களை இயக்கியவரும் அவரே. தொப்பை, பாதி சாயம் போன மீசை. நாடகத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் நோயாளி போய்விட்டார் என்று அர்த்தம்.

என் மடியில் இருந்த மகளுக்கு இரண்டாம் நாளாகக் காய்ச்சல். வழியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதா, அம்மா வீட்டுக்குப் போய்க் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதா என்று மூன்று தடவை மனம் மாறியிருந்தேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஐயா, பிள்ளையைக் கொஞ்சம் பாருங்களேன்."

"நல்ல ஆளைக் கேட்டீங்கம்மா! என் கையில ஒருத்தரும் பொழச்சதில்ல. எல்லாரும் இடைவேளைக்கு முன்னாடியே போயிருவாங்க."

"பிகு பண்ணாம பாருங்க டாக்டர்!" என்றார் பின்சீட்டுப் பெண்.

"சரி, பிள்ளையை இந்தப் பக்கம் திருப்புங்க. வெளிச்சத்துல முகம் தெரியட்டும்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஐயோ, என்னங்க?"

"வேர்த்திருச்சும்மா, தொடைக்கிறேன். பயப்படாதீங்க. ஆனா நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பாருங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிறாதீங்க, சிரிப்பாங்க."

இறங்கிப் போனேன். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த நிஜ டாக்டரும் "பயப்படாதீங்க" என்றார், தலை நிமிராமல். எனக்குத் துளியும் நம்பிக்கை வரவில்லை. பாவம், அவருக்கு நடிக்கத் தெரியாது.