கலுங்கில் நான் வரைந்த தண்ணீர்

என் கலுங்குப் படத்தைப் பாராட்டிப் போன வாரம்கூட இரண்டு பேர் பின்னூட்டம் போட்டிருக்கிறார்கள். எப்படிப் போவது என்றும் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் அந்தப் படத்தை இனி யாரும் புகழ வேண்டாம். அது பொய்ப் படம். எரிச்சலில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது 2008 ஐப்பசிக் கடைசியில். கூட்டாளிகள் அவரவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் போய்விட்டார்கள்; எனக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. ராமநாதபுரம் பக்கம் மலையும் இல்லை, அருவியும் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் கண்மாய் என்கிற ஏரி பெருகினால், மிச்சத் தண்ணீர் கரையில் கட்டிய கலுங்குச் சுவரைத் தாண்டி விழும். ஆறடி உயரம்தான். நமக்கு அதுவே குற்றாலம்.

காலை ஐந்தேகாலுக்கு ராமநாதபுரத்தில் பைக்கை எடுத்தேன். சிக்கல் வழியாகக் கடலாடி, சுமார் 45 கிலோமீட்டர். சிக்கலில் டீ மூன்று ரூபாய். கடலாடி தாண்டி ஏழு கிலோமீட்டர் கருவேலங்காட்டு மண் ரோடு. இரண்டு இடத்தில் வண்டி சறுக்கி முட்டி பெயர்ந்தது. ஏழு மணிக்குக் கலுங்கில் நின்றேன். ஊர்ப் பெயர்களை எழுதப்போவதில்லை. மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலூர்க் கண்மாய் வழிந்தால்தான் கீழூர்க் கண்மாய்க்குத் தண்ணீர்.

கலுங்கு அறுபதடி நீளம். அதில் நாற்பதடிக்கு, தண்ணீரைத் தங்கள் கண்மாயிலேயே தேக்க, மேலூர்க்காரர்கள் உரச் சாக்கில் மண்ணை நிரப்பி இரண்டு வரிசை அடுக்கியிருந்தார்கள். முழுக்க அடைத்தால் கரை உடைந்துவிடும் என்ற பயத்தில் இருபதடியை மட்டும் விட்டிருந்தார்கள். தண்ணீர் அங்கேதான் விழுந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகச் சாக்குகள், பார்க்கவே சகிக்கவில்லை.

அறுபதடி ஒரே படத்தில் அடங்காது. முக்காலியை ஊன்றி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, இடமிருந்து வலமாகப் பதினான்கு படம். ஒவ்வொன்றும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது திரும்ப வாங்க வேண்டும். வெளிச்ச அளவை நடுவில் மாற்றக் கூடாது. ஒன்பதாவதில் ஒருவர் குறுக்கே வந்து நின்றார். கீழூர் விவசாயி, முனியசாமி.

“எங்க இருந்து வாரீக தம்பி?”

“ராமநாதபுரம்ணே. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?”

தள்ளி நின்று சாக்குகளைக் காட்டினார். “இந்த மூட்டையெல்லாம் நல்லாத் தெரியிற மாதிரி எடுங்க. வருசா வருசம் இப்பிடித்தான் அடைச்சுப்புடுறாக. கேட்டா, நாங்க எங்க அடைச்சோம்ங்குறாக. எங்க கண்மாய் பாதிகூடப் பெருகல.”

“எல்லாம் தெரியும்ணே” என்றேன். என் செல் நம்பரையும் வாங்கிக்கொண்டார். பத்தரைக்கு வீடு வந்துவிட்டேன்.

மாலையே கணினியில் பதினான்கையும் ஒட்டினேன். இணைப்பு தெரியாமல் அருமையாக வந்தது; சாக்குகள்தான் கண்ணை உறுத்தின. மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு சாக்காக அழித்தேன். அழித்த இடத்தில் அந்த இருபதடித் தண்ணீரையே வெட்டி வெட்டி ஒட்டினேன். இப்போது அறுபதடிக்கும் அருவி. என் வலைப்பதிவில் ஏற்றிவிட்டு, கணினியில் இடம் போதவில்லை என்று மூலப் படங்கள் பதினான்கையும் அழித்தேன். வடிகட்டின மடையன், வேறென்ன சொல்ல.

மார்கழியில் முனியசாமி போன் செய்தார். கலுங்கை அடைக்கிறார்கள் என்று கீழூரார் மனுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரணையில் மேலூர்க்காரர்கள் என் பதிவிலிருந்து அந்தப் படத்தைக் கலரில் அச்செடுத்து அதிகாரியின் மேசையில் போட்டிருக்கிறார்கள்: பாருங்கள், ஒரு மூட்டை இல்லை, கலுங்கு முழுக்கத் தண்ணீர் போகிறது. மூட்டை அடுக்கிய அதே கையால் நீட்டியிருக்கிறார்கள். என்ன நெஞ்சழுத்தம்! மனு தள்ளுபடி.

அரை நாள் லீவு போட்டுக் கடலாடியில் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“நீங்க எடுத்த படம்தானே?”

“ஆமா சார். ஒட்டுப் போட்டது. மூணுல ரெண்டு பங்குத் தண்ணி நான் சேர்த்தது.”

“ஒரிஜினல் இருக்கா?”

“அழிச்சிட்டேன் சார்.”

“அப்ப நீங்க இன்னைக்குச் சொல்றதை மட்டும் எதை வச்சு நம்புறது?”

கலுங்கை நேரில் வந்து பாருங்கள் என்றேன். தண்ணீர் இறங்கிவிட்டது, மூட்டையும் இல்லை, பார்க்க என்ன இருக்கிறது என்றார். இருந்தபோது ஏழு கிலோமீட்டர் ஜீப்பில் போக இவருக்கு என்ன கேடு? ஆனால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க எனக்கு யோக்கியதை ஏது?

வெளியே முனியசாமி நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

“நீங்க வரைஞ்ச தண்ணி நல்லாத்தான் இருக்கு தம்பி. அது எங்க கண்மாய்க்கு எப்ப வந்து சேரும்?”

தை பிறக்கும் முன்பே, பால் பிடிக்கிற நேரத்தில் கீழூர் நெல் கருகிவிட்டது. படத்தைப் பதிவிலிருந்து இன்றைக்குத்தான் தூக்கினேன். அதன் அச்சு இன்னும் அந்த அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு: பெட்ரோல் போய்வர 130 ரூபாய். ஐப்பசிக் கடைசி, காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் வெளிச்சம் நன்றாக இருக்கும். கலுங்குச் சுவரில் பாசி வழுக்கும், ஏறாதீர்கள். மூலப் படங்களை அழிக்காதீர்கள். மூட்டை இருந்தால் மூட்டையோடு எடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். கீழூருக்கு வேண்டியிருந்தது அந்த அசிங்கம்தான்.