மேரியக்காவின் பால்பேணி

குசினி யன்னலில் இரண்டு யோகட் கப்புகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் வெறும் மண். மற்றதில் போன கிழமை வாங்கிய மாட்டெரு கலந்த மண். இரண்டிலும் பயற்றங்காய் விதை. தேத்தண்ணியிலும் எருவாசம் வருகிறதென்று மகன் மூக்கைச் சுளிக்கிறான். எனக்கு அந்த வாசத்தோடு மேரியக்காவின் முகம் வருகிறது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும்.

துறைமுக வேலைக்காரருக்கான குவாட்டர்ஸில் அவர் எங்களுக்குப் பக்கத்து வீடு. பின்னால் கிடந்த காணியை வீட்டுக்கொரு துண்டாகப் பிரித்துத் தந்திருந்தார்கள். எங்கள் இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. ஒரே மண், ஒரே கிணறு, ஒரே உப்புக்காற்று. ஆனால் கத்தரிக்காய் மட்டும் அந்தப் பக்கம்தான் காய்க்கும், என் பக்கம் வெறும் இலை. போதாததற்கு என் கணவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கைராசியப்பா!" என்பார். அன்றைக்கு அவருடைய கறியில் உப்புக் கூடிவிடும். வேண்டுமென்று போடுவதில்லை, நம்புங்கள்.

ஒருநாள் தம்பலகாமத்து மாட்டுப்பட்டிக்காரர் டிராக்டரில் எரு கொண்டுவந்தார். பாதி எனக்கு, பாதி மேரியக்காவுக்கு என்றுதான் பேச்சு. மேரியக்கா வெறும் பால்மாத் தகரம் ஒன்றை, ஒரு பால்பேணியை, எடுத்துவந்து அது நிறைய மட்டும் அள்ளினார்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ. புல்லுச் சாக மருந்தடிச்ச வயல் வைக்கலை மாடு திண்டிருந்தா, எருவிலயும் அந்த மருந்து நிக்கும். பேணியில பயத்தங்கொட்டை போட்டுப் பாப்பம். இலை சுருளாட்டிப் பாவிக்கலாம்."

பட்டிக்காரருக்கு முன்னால் படம் காட்டுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. பேணியும் பயறும்!

"அக்காவுக்கு வேண்டாமெண்டா முழுக்க என்ர பக்கம் இறக்குங்கோ" என்றேன்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் தாராளமாகப் போட்டேன். முதன்முதலாக, வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு என் தளிர்களெல்லாம் சுருளத் தொடங்கின. கத்தரி குறண்டிப் போனது, தக்காளி பூக்கவேயில்லை. மேரியக்காவின் பேணியிலும் பயற்றைக் கன்று அப்படியே சுருண்டது. அவர் அதை வீசிவிட்டு வேறு பட்டியில் எரு எடுத்தார்.

"அப்பவே சொன்னனான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன். மனுஷி சொல்லவில்லை. சுளகு நிறையக் கத்தரிக்காயோடு வந்து, "பாவம் தங்கச்சி, அடுத்தமுறை பாப்பம்" என்றார். அந்த இரக்கத்தைத்தான் என்னால் விழுங்க ஏலாமல் போனது. அந்தக் கத்தரிக்காய்க் கறியை என் கணவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

இப்போது அந்தக் குவாட்டர்ஸ் இல்லை. காணிக்கு மதில் கட்டி லொறிகள் நிறுத்துகிறார்கள். நாங்கள் லிங்கநகருக்கு வந்துவிட்டோம். மேரியக்கா புல்மோட்டையில் மகள் வீட்டில் இருந்தவர், போன மாரியில் கண்ணை மூடினார். அதிலும் என்னை முந்திக்கொண்டார்.

இன்று காலை பயற்றைக் கன்றுகள் இலை விரித்திருக்கின்றன. இரண்டு கப்பிலும் ஒரு சுருளில்லை. நல்ல எரு. கப்பைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன், பழக்கதோஷத்தில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வளவு முழுக்கக் கல்லுப் பதித்து, ஒரு புல்லும் முளைக்காமல் வைத்திருக்கிறார். இந்தமுறை என் கத்தரி காய்க்கத்தான் போகிறது. அதைப் பார்த்து வயிறெரிய அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.