நேரம் குறிக்கப்படாத ஒரு நாள்

"பெப்ரவரி 4, திங்கள். சீசா வட்டாரம், மூன்றாம் மாடி. காலை 8.10க்குப் போனேன். முதியவர், அமெரிக்கர், வயது எண்பத்தொன்று. கை நடுக்கம். கோப்பியை இடக்கையால் குடிக்கிறார். கட்டிலுக்குக் கீழே ஐந்து அட்டைப்பெட்டிகள். தொடக்கூடாது என்றார்."

அந்த வீட்டில் என் முதல் நாள் பற்றிய குறிப்பு இவ்வளவுதான். முதியவர்களை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையை இங்கே பதாந்தே என்பார்கள். மன்னாரிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகளில் ஏழு பேரைப் பார்த்திருக்கிறேன். ஏழு பேரின் முதல் நாளும் கடைசி நாளும் என் குறிப்புக் கொப்பியில் இருக்கின்றன. இந்த வேலைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகளுக்கு, மற்ற ஆறு வீடுகளிலும் செய்யாத ஒரு பிழையை இந்த வீட்டில் எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன்.

1. முகமும் குரலும்

அவர் ஒரு நடிகர். பெயர் எழுதவில்லை. நான் 'மிஸ்டர்' என்று கூப்பிட்டேன். என் மனைவி ஜெசிந்தா 'உங்கட நடிகர்' என்பாள். அவருடைய தாத்தா பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கா போனவர். பேரன் அறுபது வயதைத் தாண்டி ஒரு படப்பிடிப்புக்காக இங்கே வந்து, பிறகு திரும்பிப் போகவில்லை.

அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும் பேசியதை எங்கள் வீட்டுப் பேச்சில் தருகிறேன்.

ஒரு சனிக்கிழமை சக்கர நாற்காலியில் சந்தைக்குக் கூட்டிப்போனேன். மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"தொத்தோரே! மூண்டு வருசம் எங்கட வீட்டு ரிவியில இருந்தனீங்கள்! என்ர அம்மா உங்களை நம்பித்தான் ஒப்பரேசனுக்கே போனவ!"

தொத்தோரே என்றால் டொக்டர். மிஸ்டர் ஒரு மருத்துவமனைத் தொடரில் மயக்கமருந்து மருத்துவராக நடித்தவர். தாத்தாவின் சிசிலி மொழியில் நன்றி சொன்னார். மீன்காரரின் முகம் சுருங்கிவிட்டது.

"இது அந்தக் குரல் இல்லையே."

இங்கே வெளிநாட்டுத் தொடர்களுக்கெல்லாம் இத்தாலிக்காரர்கள்தான் குரல் கொடுப்பார்கள். மிஸ்டர் திரும்பும் வழியில் சொன்னார்: "குரல்காரன் ரோமில இருக்கிறான். எனக்குச் சொந்தம் முகம் மட்டும்தான். அதையும் பாதி நேரம் மாஸ்க் போட்டு மறைச்சுப்போட்டாங்கள்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

2. ஜெசிந்தாவின் ஆட்சேபம்

எங்கள் ஆட்களில் யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்குச் சிறு நினைவு மலர் ஒன்று அச்சிடுவோம். ஊரில் கல்வெட்டு என்பார்கள். பிறப்பு, படிப்பு, வேலை, திருமணம் எல்லாம் திகதியோடு வரும். எங்கள் கோயில் பங்கில் அதை எழுதுவது நான். திகதி பிழைத்தால் எனக்கு நித்திரை வராது.

அடுத்த ஆண்டு மார்ச் மாதம் சமையலறை மேசையில் அப்படி ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என்னவென்று மிஸ்டர் கேட்டார். சொன்னேன். அதில் இருந்த இறந்தவரின் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"செத்தாப் பிறகு வாசிச்சு என்ன பிரியோசனம்? எனக்கு ஒண்டு இப்பவே எழுது. எழுதி மகளுக்கு அனுப்பு."

மகள் தெரேசா சிக்காகோவில் இருக்கிறார். அவருக்குப் பதினொரு வயதில் தாய் இறந்தார். அடக்கத்துக்குத் தகப்பன் போகவில்லை. படப்பிடிப்பு, விடமாட்டார்கள் என்று போனில் சொன்னாராம். பிள்ளையைப் பெரியம்மா வளர்த்தார். அதன் பிறகு தகப்பனுக்கும் மகளுக்கும் இடையில் நத்தார் வாழ்த்து அட்டைகள் மட்டும்தான்.

அந்த மாதம் மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு குளிர்காலத்தை இவர் தாங்கமாட்டார் என்றார். நான் தெரேசாவுக்கு எழுதினேன். "ஈஸ்டருக்குப் பிறகு வர முயற்சி செய்கிறேன்" என்று பதில் வந்தது. மிஸ்டர் அதை நான்கு தடவை வாசிக்கச் சொன்னார்.

கல்வெட்டு விஷயம் கேட்டு ஜெசிந்தா கையை உதறினாள்.

"உயிரோட இருக்கிற மனிசனுக்கோ? உங்களுக்கென்ன விசரே?"

"அவர்தான் கேட்டவர்."

"கேப்பார். நடிகர்தானே, தன்ர செத்தவீட்டுக்கும் ஒத்திகை பாக்கிறார்."

3. ஐந்து பெட்டிகள்

பெட்டிகளைத் திறக்க அனுமதி கிடைத்தது. உள்ளே முழுவதும் கோல் ஷீட். படப்பிடிப்பில் ஒவ்வொரு நாளும் மறுநாளுக்காகக் கொடுக்கும் தாள் அது. எந்த நடிகரை எத்தனை மணிக்கு வண்டி ஏற்றும், எத்தனை மணிக்கு மேக்கப் என்று பெயருக்கு எதிரே இருக்கும். மிஸ்டர் ஒன்றையும் எறியவில்லை. என்னைப் போல ஒருவரைக் கண்ட சந்தோசத்தில் இரண்டு நாள் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

முதல் வேடம் வங்கிக் காவலாளி, வசனம் இல்லை. இரண்டாவது லிஃப்ட் இயக்குபவர், ஒரே வசனம்: "எந்த மாடி?" பிறகு பொலிஸ்காரர், ட்ரக் சாரதி, சிசிலிப் பெயர் இருந்ததால் பல தடவை கொள்ளைக்காரர். பெரும்பாலும் நடுவில் சுட்டுவிடுவார்கள். மருத்துவமனைத் தொடர் மூன்று ஆண்டுகள். அதற்கு முன்னால், பாலைவனத்தில் எடுத்த ஒரு படம். போஸ்டரில் அவர் பெயர் வந்தது அந்த ஒரு படத்துக்குத்தான்.

அந்தப் படத்துக்கு முப்பத்துநான்கு தாள்கள் இருந்தன. முப்பத்துமூன்றில் அவர் பெயருக்கு எதிரே நேரம் இருந்தது. ஒன்றில் மட்டும் நேரத்துக்குப் பதிலாக ஒரு கோடு. எங்கள் வேலையில் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, கூப்பிடாத நாள் விடுமுறை நாள். கல்வெட்டுக்காக நான் போட்ட அட்டவணையில் அந்தத் திகதிக்கு எதிரே "விடுமுறை" என்று எழுதினேன். மிஸ்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நான் போய்க் கேட்கவில்லை.

ஏப்ரல் 2ஆம் திகதி முழு அட்டவணையையும், அந்த முப்பத்துநான்கு தாள்களையும் படமெடுத்து, தெரேசாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"நீங்கள் விடுமுறை என்று குறித்திருக்கும் நாளில்தான் அம்மாவை அடக்கம் செய்தோம். அன்று எங்கே இருந்தார் என்று அவரிடம் கேளுங்கள். நான் இனி வரப்போவதில்லை."

4. கூடிப்போன வசனம்

ஒரு மணித்தியாலம் சமையலறையில் நின்றேன். பிறகு போய்ச் சொன்னேன்.

"மிஸ்டர், நான் பிழை விட்டிட்டன்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது லீவு இல்லை. இதுக்கு ஹோல்ட் எண்டு சொல்லுறது. வேலை இல்லை, ஆனா ஒரு இடமும் போகேலாது. எந்த நேரம் கூப்பிட்டாலும் போற மாதிரி ஹோட்டல்லயே இருக்கோணும்."

"அப்ப, அண்டைக்கு எங்கை இருந்தனீங்கள்?"

"போனுக்குப் பக்கத்தில."

ஜன்னல் பக்கம் திரும்பினார். "அப்பிடித்தான் எல்லாருக்கும் சொன்னனான்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "என்ர நல்ல வசனம் எல்லாத்தையும் வெட்டிப்போட்டாங்கள். நீதான் முதல்முதலா எனக்கு ஒரு வசனம் கூடச் சேர்த்திருக்கிறாய்" என்றார்.

அன்றே திருத்தம் அனுப்பினேன். பிறகும் இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெசிந்தா ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. "திகதி சரியெண்டா எல்லாம் சரியெண்டு நினைக்கிறியள்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

ஈஸ்டர் போயிற்று. தெரேசாவின் பழைய பதிலை மட்டும் மிஸ்டர் அடிக்கடி வாசிக்கச் சொல்வார். யூன் மாதத்தில் நான் வாசிக்கும்போது அவருடைய உதடும் கூட அசைந்தது. வசனம் பாடமாகிவிட்டது.

யூலை 19, காலை 6.25க்கு இறந்தார். அறையில் நான் மட்டும் இருந்தேன்.

5. ஓகஸ்ட் 18

முப்பத்தோராம் நாள் திருப்பலியை எங்கள் பங்கில் வைத்தோம். எங்கள் ஆட்கள் பதினெட்டுப் பேர், மீன்காரர் ஒருவர். மலர் அச்சிட்டேன். அந்த ஒரு நாளை மட்டும் வெற்றாக விட்டேன்.

செப்டெம்பரில் தெரேசாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "அந்த நாளின் தாளை மட்டும், அசலை, அனுப்ப முடியுமா?"

உறையில் வைப்பதற்காக மடித்தபோதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். பென்சிலால் மூன்று நேரங்கள் எழுதப்பட்டிருந்தன: 5.10, 9.40, 1.15. கடைசி நேரத்தைச் சுற்றி வட்டம். நடுக்கம் வருவதற்கு முந்திய அவருடைய கை எழுதியது. முப்பத்துநான்கு தாள்களையும் நான் முன்பக்கம் மட்டுமே படமெடுத்திருந்தேன். ஏப்ரலில் திருப்பிப் பார்த்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருப்பேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு வீட்டுத் தாளைக் கையில் எடுத்தால் இரண்டு பக்கமும் பாருங்கள். அந்த வீட்டு மனிதர் பக்கத்து அறையில் இருந்தால், எழுதுவதற்கு முன் போய்க் கேளுங்கள்.

தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததென்று கையொப்பம் வந்தது, கடிதம் வரவில்லை. அவை பஸ் நேரங்களோ என்று படப்பிடிப்பு நடந்த ஊரின் நூலகத்துக்கும் எழுதிக் கேட்டேன். அந்தக் காலத்துப் பஸ் நேர அட்டவணை தங்களிடம் இல்லை என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள்.

அந்த மூன்றும் பஸ் நேரங்கள்தானா, அந்த நாளில்தான் எழுதப்பட்டனவா, 1.15க்கு அடக்கத்துக்குப் போகவென்று அவர் ஹோட்டலை விட்டு வெளியே வந்தாரா என்பதை இதை எழுதும் இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.