மடித்து வைத்த விங்

இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பதினான்கு மாதமாக எங்கள் பாராகிளைடிங் வாட்ஸ்அப் குழுவில், "சௌந்தர்யா கூட வந்தவரைச் சாக விட்டுட்டுப் போயிட்டா" என்று எழுதுகிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரங்களை என் கருவியில் பதிவானபடியே கொடுத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தச் சௌந்தர்யா நான்தான். எனக்குச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஜவுளிக் கடை. ஜீவானந்தம் அண்ணனுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழில். ஆறு வருடம் சேர்ந்து பறந்தோம். தங்கமான மனிதர். ஆனால் மேலே ஏறிவிட்டால் கூட ஓர் ஆள் வருகிறது என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கடலைக் காட்டில் இறங்கி, அங்கே இருந்தவர்களோடு உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். நான் இரண்டு மணி நேரம் வானத்தில் அவரைத் தேடினேன். அதிலிருந்தே எங்களுக்குள் ஓயாத சண்டை.

போன வருடம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. கொல்லிமலையின் விளிம்பில் ஒரு பாறை மேட்டிலிருந்து கிளம்ப வேண்டும். மலைக்காடுகளுக்கு மேலேயே வடக்கே போய், போதமலையைத் தாண்டி வாழப்பாடிப் பக்கம் இறங்க வேண்டும். நடுவில் ரோடு கிடையாது. செல்போன் சிக்னல் கிடையாது. அதனால் ஒருவர் கண்ணில் ஒருவர் படுகிற தூரத்திலேயே பறப்பது என்று முதல் நாளே பேசி முடிவு செய்திருந்தோம்.

12:41. நான் இன்னும் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பிவிட்டார்.

"அண்ணா, இருங்க. நானும் வந்தர்றேன்" என்றேன் வாக்கி டாக்கியில்.

"காத்து நல்லா இருக்குது அம்மணி. நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா."

நான் தரையை விட்டு எழுந்தபோது 12:53. அவருடைய ஆரஞ்சு விங், அவரைத் தூக்கிப் போகிற துணி இறக்கை, தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாள் பேசியதெல்லாம் யாருக்காக?

1:20. அந்தப் புள்ளியும் இல்லை.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

பதினொரு நிமிடம் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

1:31. வாக்கியில் ஒரு 'க்ளிக்'. பேசும் பட்டனை யாரோ அழுத்தி விடுகிற சத்தம். மறுபடி ஒரு க்ளிக்... இன்னொன்று. குரல் மட்டும் வரவில்லை.

"விளையாடாதீங்க அண்ணா. பேசுங்க."

க்ளிக்.

1:38. இந்த முறை க்ளிக்கோடு வேறொரு சத்தமும் வந்தது. சரசர... சரசர... துணிச் சத்தம். நாள் முழுக்கத் துணி மடிக்கிறவள் நான், அது எனக்குத் தெரியாதா? மனிதர் எங்கேயோ இறங்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாவகாசமாக விங்கை மடித்துக்கொண்டிருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன்.

1:42. மரங்களுக்கு நடுவே ஒரு வழுக்குப் பாறை தெரிந்தது. அதன்மேல் ஆரஞ்சு நிறம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பறக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இறங்கியவர் விங்கை விரித்தபடியே போட்டிருந்தால் அடிபட்டுக் கிடக்கிறார், உதவிக்கு வா என்று அர்த்தம். எடுத்து வைத்துவிட்டால் ஒன்றும் இல்லை, நீ போகலாம் என்று அர்த்தம். வாக்கி கெட்டுப்போனாலும் இந்த ஒன்றை மேலே இருப்பவர் நம்பலாம். நாங்கள் நம்பித்தான் பறக்கிறோம்.

கீழே விங் மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் நின்று, எனக்கு வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

நான் அதற்கு மேலேயே வட்டமடித்தேன். ஐந்து சுற்று.

முதல் சுற்றில் அந்த மடிப்பு கண்ணில் பட்டது. அண்ணன் விங்கை மடிக்க மாட்டார், அள்ளி மூட்டையாகத்தான் வைப்பார். இது மூலை மூலையாக, கடை அலமாரியில் அடுக்கிய வேட்டி மாதிரி இருந்தது.

இரண்டாவது சுற்றில் என் வேரியோ ஊமையானது. ஏறினாலும் இறங்கினாலும் ஓயாமல் கத்துகிற கருவி அது. மூச்சே விடவில்லை.

மூன்றாவது சுற்றிலும் தூக்கிய கை இறங்கவில்லை.

நான்காவது சுற்றிலும் இறங்கவில்லை.

நான் அவரைச் சுற்றி வருகிறேன். அவர் திரும்பவே இல்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும்... முகம் என்னைப் பார்த்தே இருந்தது.

க்ளிக். க்ளிக். க்ளிக். க்ளிக்.

எனக்கு முதுகு சில்லிட்டது. பயம் என்று அப்போது தெரியவில்லை. எல்லாவற்றையும் கோபம் என்றே நினைத்தேன்.

"மடிச்சு வெச்சதைப் பாத்துட்டேனுங்க. கையைத் தூக்கிட்டு நிக்காதீங்க. இனி உங்க கூடப் பறக்க வந்தா என்னைச் செருப்பால அடிங்க."

க்ளிக்... க்ளிக்...

1:49. வாக்கியை அணைத்தேன்.

நான்தான் அணைத்தேன். அதை யார் மேலும் போட முடியாது.

2:50க்கு வாழப்பாடிக்கு வெளியே, மரவள்ளி பிடுங்கிய ஒரு காட்டில் இறங்கினேன். அண்ணனின் டிரைவர் சின்னுசாமி ஜீப்போடு வந்தார்.

"அண்ணன் எங்கீங்க?"

"நடுவுலயே எறங்கிட்டார். நடந்து வரட்டும்."

ஐந்து மணி ஆகியும் போன் வரவில்லை. 5:40க்கு வனத்துறைக்குச் சொன்னோம். அவர் மனைவி ஸ்ரீதேவி அக்கா என்னை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "நீ கண்ணால பாத்தியா?" பார்த்தேன், மடித்து வைத்துவிட்டு நின்றார் என்றேன்.

மறுநாள் காலை 9:20க்கு அவரைக் கண்டுபிடித்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

பாறைக்குக் கீழே, மரங்களுக்கு அடியில் கிடந்தார். அங்கிருந்து கிளை இடைவெளியில் பாறை உச்சியும் வானமும் தெரிந்தன. இரண்டு தொடையும் உடைந்திருந்தன. விலா எலும்பு நுரையீரலைக் குத்தியிருந்தது. விழுந்த இடத்திலிருந்து ஒரு முழம்கூட அவர் நகரவில்லை என்று அவருடைய ஜிபிஎஸ் சொன்னது. நாலு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

விங் பாறை மேலேயே இருந்தது. மூலை மூலையாக. அவர் இடுப்புப் பட்டையின் இரண்டு கொக்கிகளிலிருந்தும் கயிறுகளைக் கழற்றியிருந்தார்கள். கழற்றிய பிறகு கொக்கிகளைத் திரும்பப் பூட்டியும் இருந்தார்கள்.

யாராவது வந்திருந்தால் தண்ணீராவது கொடுத்திருக்க மாட்டார்களா? விங்கை மட்டும் மடித்துவிட்டு எந்த மனுஷன் போவான்? போலீஸிடம் கேட்டேன். வனத்துறையிடம் கேட்டேன். கத்தினேன். அந்தச் சரிவுக்கு ஆள் நடமாட்டமே கிடையாது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஸ்ரீதேவி அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். நாற்பது நாள் கழித்து என் கடைக்கு வந்தார்கள். போலீஸ் திருப்பிக் கொடுத்த அண்ணனின் செல்போன் கையில் இருந்தது.

"படி" என்றார்கள்.

எனக்கு எழுதிய வாட்ஸ்அப் செய்திகள். சிக்னல் இல்லாததால் ஒன்றுகூட என்னிடம் வந்து சேரவில்லை.

1:29 – அம்மணி விழுந்துட்டேன். எறங்கு

1:32 – பேச முடியல. பட்டனை அமுக்கறேன்

1:35 – யாரோ வாராங்க

1:38 – துணிய மடிக்கறாங்க. வேண்டாம்னு கை ஆட்டறேன். கேக்க மாட்டேங்கறாங்க

1:45 – நீ சுத்தறது தெரியுது. உனக்குக் கை காட்டறாங்க. அது நானில்ல

1:51 – போயிட்டியா

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இருக்கிறது என்று அக்கா விரலை வைத்துத் தள்ளிக் காட்டினார்கள்.

1:56 – போ. திரும்பி வராத

1:58 – பாறை மேல இன்னொண்ணு மடிச்சு வெச்சிருக்காங்க. ஊதா. உன்னோடது

1:59 – ஓரத்துல மஞ்சள் ஒட்டுப் போட்டிருக்க. எப்ப கிழிஞ்சுது

அதுதான் கடைசிச் செய்தி.

நாங்கள் போனபோது அந்தப் பாறையில் ஆரஞ்சு விங் ஒன்றுதான் இருந்தது. 1:59க்கு என் ஊதா விங், ஒரு கீறல்கூட இல்லாமல், என் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

அது கிழிந்தது 2:50க்கு, வாழப்பாடியில் இறங்கும்போது, முள்வேலியில் மாட்டி. அண்ணன் போன ஒன்பதாம் நாள் குழுவில் ஒருத்தர், "இனி அவ எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பறப்பா" என்று எழுதினார். அந்த ஆத்திரத்தில் அன்றே கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து ஒட்டுப் போட்டேன். கையில் கிடைத்தது மஞ்சள் துணி.