எழும்பினால் நிற்கும் மெசின்

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன அண்ணை, தோட்டத்தில பாதி வெட்டியிருக்கு, பாதி காடாக் கிடக்கு?"

மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியதற்கான விருந்து. கொலோனிலிருந்தும் ஸ்டுட்கார்ட்டிலிருந்தும் சொந்தக்காரர் முப்பது பேர். பட்டுச் சேலையும் கோட்டும் சூட்டுமாக வந்து, முழங்கால் உயரப் புல்லுக்குப் பக்கத்தில் நின்று கட்லட் சாப்பிட்டார்கள்.

"மெசின் பழுது" என்று சொல்லிச் சமாளித்தேன்.

பொய்! மெசின் நன்றாகத்தான் ஓடியது. நிற்க வேண்டிய நேரத்திலும் நிற்காமல் ஓடியது — அதுதான் பிரச்சினை. அதில் என் மனைவி றெஜினாவின் வலது கை போகப் பார்த்தது. காரணம் நான். முழுவதையும் சொல்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஜெர்மனியில், பான் நகரிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் எங்கள் வீடு. எட்டு வருடத்துக்கு முதல் வாங்கினோம். பழைய சொந்தக்காரர் கராஜுக்குள் ஒரு டிராக்டரை விட்டுவிட்டுப் போயிருந்தார். வயல் உழுகிற டிராக்டர் அல்ல. சீட்டில் ஏறி இருந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டுகிற சின்ன வகை. சிவப்புப் பெயின்ட் உரிந்து, கம்பனிப் பெயரும் அழிந்து போன கிழட்டு மெசின்.

எங்கள் வீட்டில் டிரைவர் அவள், மெக்கானிக் நான். புல் வாசம் பட்டாலே எனக்குத் தும்மல் தொடங்கிவிடும்... அதனால் இந்த ஏற்பாடு.

அந்த மெசினில் ஒரு வசதி உண்டு. சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச். புல் வெட்டுகிற பிளேட் சுற்றும்போது ஆள் எழும்பினால் என்ஜின் நின்றுவிடும், பிளேட்டும் நின்றுவிடும். ஈரப்புல், வெட்டின புல் வெளியே வருகிற வலது பக்கத்து வாயில் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் றெஜினா பிரேக்கைப் போட்டுவிட்டு எழும்புவாள். என்ஜின் நிற்கும். இறங்கிப் போய் மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டுப் புல்லை இழுத்துப் போட்டுவிட்டு, திரும்ப ஏறி ஸ்டார்ட் பண்ணுவாள். எட்டுக் கோடை இப்படித்தான் போனது. அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கிழமை முழுக்க மழை. சனிக்கிழமை மதியம்தான் வெயில் எட்டிப் பார்த்தது. ஞாயிறு காலை கோயில், மதியம் விருந்து. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் புல் வெட்டும் மெசினைத் தொட முடியுமா? அன்றைக்குச் சத்தம் போடுவதே சட்டப்படி குற்றம், தொட்டால் தெருவே திரண்டு வரும். ஆகவே, சனிக்கிழமைப் பின்னேரத்தை விட்டால் வேறு வழியில்லை.

மெசின் ஸ்டார்ட் ஆனது. ஆனால் பிளேட்டைப் போட்டவுடன் — டப்! நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட். திரும்ப டப்!

"இஞ்சருங்கோ, போன வருசத்துப் பெட்ரோலோ விட்டனீங்கள்?" என்றாள் றெஜினா.

"புதுசுதானப்பா!"

பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காற்று ஃபில்டரைத் தட்டினேன். காபரேட்டரைக் கழற்றி, ஊதி, பூட்டினேன். ஒரு சின்ன ஸ்பிரிங் எங்கேயோ தெறித்துப் போய், அதைத் தேடியே அரை மணித்தியாலம். பிளேட்டைப் போட்டால் அதே டப்! நேரம் மூன்று. மூன்றரை. மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியது.

"நான் கேக்குக்கு ஐசிங் போடோணும். இண்டைக்கு இது முடியுமோ, முடியாதோ?"

"என்னை அந்தரப்படுத்தாதையும்!"

கத்திவிட்டேன். மகள் ஜன்னலை மெதுவாகச் சாத்துவது தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கோபம் குறையவில்லை.

கடைசியில் இணையத்தில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. என்ஜினில் பழுது இல்லாமல் இருக்கலாம், சீட் சுவிட்சைப் பாருங்கள் என்றது. சீட்டைக் கழற்றினேன். சுவிட்ச் துருப்பிடித்து, அமத்தினாலும் கீழே இறங்காமல், அப்படியே இறுகிப் போயிருந்தது. ஆள் இருந்தாலும், சீட் காலி என்றுதான் மெசின் நினைக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் றெஜினா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "நான் இருக்கிறது இதுக்குத் தெரியேல்லையாமோ? நல்லாச் சாப்பிட்டுத்தானே இருக்கிறன்!"

அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புது சுவிட்ச் ஓடர் பண்ணினால் செவ்வாய்க்கிழமை வரும். அதுவரைக்கும்? நான் யோசிக்கவே இல்லை. சுவிட்சிலிருந்து இரண்டு வயரையும் உருவி, ஒரு துண்டு வயரால் இணைத்து, கறுப்பு டேப் சுற்றினேன். எங்கள் ஆட்களின் பாஷையில் — டிரெக்ட் குடுத்தேன்.

டிரெக்ட் குடுப்பது எங்களுக்குக் கைவந்த கலை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில சொட்டுப் பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஆட்கள் நாங்கள். கரண்ட் இல்லாத வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர்கள். மெசின் என்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான். எது ஓட விடாமல் தடுக்கிறதோ, அதைக் கழற்றி ஒரு பக்கத்தில் வை!

ஆனால் அங்கே சாமான் இல்லாததால் செய்தோம். இங்கே நான் செவ்வாய்க்கிழமை வரை பொறுக்க முடியாமல் செய்தேன்.

சாவியைத் திருப்பினேன். பிளேட்டைப் போட்டேன். ஓடியது! நிற்காமல் ஓடியது!

"திருத்தியாச்சோ?" என்று கேட்டாள் றெஜினா.

"ஓம், திருத்தியாச்சு. ஏறி ஓட்டும்."

அவள் காதுமூடியைப் போட்டுக்கொண்டு ஏறினாள். அவளுடைய தம்பி போன கிழமைதான் வாங்கிக் கொடுத்த புதுக் காதுமூடி அது. வெளிச் சத்தத்தை அடைத்துவிட்டு, உள்ளே பாட்டுப் போடும். பாட்டை முணுமுணுத்தபடி தோட்டத்தின் மறு முனைக்குப் போனாள். நான் கராஜுக்குள் ஸ்பானர் சாவிகளைப் பொறுக்கி அடுக்கினேன். என்ன பெருமை தெரியுமா எனக்கு! விருந்துக்கு வருகிறவர்களிடம் எப்படிச் சொல்லலாம் என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பாதித் தோட்டம் முடிந்திருக்கும். தற்செயலாக நிமிர்ந்தேன்.

டிராக்டர் நிற்கிறது. றெஜினா எழும்புகிறாள். இறங்குகிறாள். வலது பக்கமாகப் போகிறாள்.

புல் அடைத்துவிட்டது.

என்ஜின் நிற்கவில்லை.

கத்தினேன். "றெஜினா! கையை வைக்காதையும்! றெஜினா!" காதுமூடி... பாட்டு... அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது? ஓடினேன். இடையில் முப்பது, நாற்பது மீட்டர். ஈரப்புல்லில் கால் வழுக்கி முழங்காலில் விழுந்தேன். அவள் குனிந்தாள். இடது கையால் மூடியைத் தூக்கினாள். வலது கை கீழே போகிறது. எட்டு வருடமாகப் போகிற அதே மாதிரி, அவசரமில்லாமல் போகிறது.

எழும்பி ஓடினால் நேரம் காணாது. காலில் கிடந்த கனத்த தோட்டச் செருப்பைக் கழற்றி வீசினேன்.

அவளுடைய முதுகில் படார் என்று விழுந்தது.

திரும்பினாள். இருபது வருடத்தில் அப்படி ஒரு கோபத்தை அவளுடைய முகத்தில் நான் கண்டதில்லை. காதுமூடியைப் பிடுங்கினாள், என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்... அப்போதுதான் அவளுக்கு என்ஜின் சத்தம் கேட்டது. மெசினைப் பார்த்தாள். தன்னுடைய கையைப் பார்த்தாள். அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் இருந்துவிட்டாள்.

நான் போய்ச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் நின்றது.

வேலிக்கு மேலால் ஒரு தலை. பக்கத்து வீட்டு ஹெல்முட். மனைவிக்குச் செருப்பால் எறிகிற வெளிநாட்டுக்காரனை அவர் முழுதாகப் பார்த்திருக்கிறார். "எல்லாம் ஒழுங்கா?" என்று ஜெர்மனில் கேட்டார். கேட்டது என்னை அல்ல, அவளை. அவளிடமிருந்து "யா" என்று வந்த அந்த ஒற்றைச் சொல் நடுங்கியது. அவர் உடனே போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார். அவரில் என்ன பிழை?

நான் வேலை செய்கிற இடத்தில் இரும்புத் தகடு வளைக்கும் பிரஸ் இருக்கிறது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் கீழே இறங்கும். கை உள்ளே அகப்படக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. வருடா வருடம் எங்களை இருத்தி வைத்துப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பார்கள், நானும் கையெழுத்துப் போடுவேன். அங்கே யாராவது அந்தப் பொத்தானுக்கு டிரெக்ட் குடுத்தால் முதலில் சண்டைக்குப் போகிற ஆள் நான்தான். பிறகு வீட்டுக்கு வந்து, சொந்த மனைவி ஏறி இருக்கிற மெசினில் அதையே செய்கிறேன்!

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வயரை இணைத்ததை ஒரு பக்கம் வையுங்கள். "இனி எழும்பினால் நிற்காது, கவனம்" என்று ஒரு வசனம் ஏன் நான் சொல்லவில்லை? மறந்துபோனேனா? இல்லை. வாய்வரை வந்தது. சொன்னால், நான் எதையும் திருத்தவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே! "திருத்தியாச்சு" என்று மார் தட்டுவதில் உள்ள சுகம் போய்விடுமே! அந்தச் சுகத்துக்காக அவளுடைய கையைப் பந்தயம் வைத்திருக்கிறேன்.

நம்மில் எத்தனை பேர் இப்படி, ஓடுகிறது என்பதையே திருத்தம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்?

அவளுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தேன். கையுறையைக் கழற்றி, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடப் போனேன், இழுத்துக்கொண்டாள். வயரைப் பற்றியும் டேப்பைப் பற்றியும் வாய்வரை வந்த வசனத்தைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். கத்துவாள், அழுவாள், தாய்க்குப் போன் பண்ணுவாள் என்று காத்திருந்தேன்.

ஒன்றும் செய்யவில்லை. வீட்டைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இந்த வீட்டில நீங்கள் திருத்தின சாமான் வேற என்னென்ன இருக்கு?"

"வேற ஒண்டுமில்லை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாஷிங் மெசினின் கதவு ஞாபகத்துக்கு வந்தது. பிறகு நிலவறை லைட். பிறகு மகளின் அறை ஹீட்டர்...

"கொஞ்சம் பொறும்" என்றேன். "பேப்பரும் பேனையும் எடுத்துக்கொண்டு வாறன்."