கரோல் பாக்கில் ஓர் அரசங்கொம்பு

வியாழன் காலை ஏழு பத்துக்குப் புது டில்லி நிலையத்தில் இறங்கினேன். குவாஹாட்டியிலிருந்து இரண்டு இரவு, முன்பதிவில்லாத பெட்டி; உட்கார இடம் கிடைத்ததே பாட்னாவுக்குப் பிறகுதான். கரோல் பாக் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டார்கள்; நடந்தேன்.

மறுநாள் அக்கா மகளுக்குக் கல்யாணம். ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கும் அக்கா, வாசலிலேயே கேட்டாள்.

"வந்துட்டியா? அரசாணிக்கால் எங்கடா?"

"குவாஹாட்டியிலிருந்தா கொண்டாருவாங்க?"

"இங்கயே வெட்டிக்கோ. ஆறு மணிக்குள்ள வரலன்னா, மாமன் முறைய எங்க வீட்டுக்காரரு தம்பியே செஞ்சுடுவாரு. நீ வருவியான்னே பந்தயம் கட்டிட்டிருந்தாங்க."

அரசமரக் கொம்பை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, முதல் நாள் மாலையே மணமேடை அருகில் அரசாணிக்காலாக நடுவது எங்கள் வழக்கம். அது தாய்மாமன் வேலை. கூறைப்புடவை, தேங்காய், வெற்றிலை எல்லாம் நாமக்கல்லிலிருந்து வந்துவிட்டன. டில்லியில் தெருவுக்குத் தெரு அரசு நிற்கிறதே என்று கொம்பை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பதினோரு மணிக்குப் புசா ரோடு பக்கம் முதல் மரம். அடியில் அகல் விளக்குகள், சுற்றிலும் நூல். அக்கா தந்த அரிவாளை எடுத்ததுமே பூ விற்ற பெண் இந்தியில் கத்தினாள்.

"பையா, பைத்தியமா? பீப்பலை வெட்டினா வம்சமே அத்துப்போகும்!"

இரண்டாவது மரத்தில் டீக்கடைக்காரர் விரட்டினார். மூன்றாவதில் பூங்காத் தோட்டக்காரர். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வெட்டுகிற மரம், இங்கே கத்தி படக்கூடாத மரம்.

இரண்டரை மணி. பத்து ரூபாய் டீயைக் குடித்தபடி நிமிர்ந்தபோது, எதிரே ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடிச் சுவரைப் பிளந்துகொண்டு ஆளுயர அரசு நின்றது. கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அம்மாள் வந்தார்; ஒரு கொம்பு கேட்டேன்.

"இதை வெட்ட நாலு கொத்தனார் வந்தாங்க. ஒருத்தனும் தொடல. எல்லாருக்கும் பிள்ளைங்க இருக்காம்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு?"

"இல்லை, மாதாஜி."

"பெண்டாட்டி?"

"இல்லை."

"அச்சா! அப்போ உன்னை அது என்ன செய்யும்? ஏறு, ஏறு."

கிண்டல் இல்லை, நிஜமாகவே மகிழ்ந்தார். மொட்டைமாடியைக் காட்டிவிட்டு இறங்கி, பேரப்பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து, தனியாக வெட்டினேன். முழங்கையில் தோல் உரிந்தது. பால் விரலில் பிசுபிசுத்தது.

ஐந்தேகாலுக்கு மண்டபம் சேர்ந்தேன். அக்கா மஞ்சள் பூச, நான் நட்டேன். டில்லியிலேயே பிறந்த கல்யாணப் பெண், "மாமா, போட்டோ! ஜல்தி!" என்று இழுத்து நிறுத்தினாள்.

"யாரு குடுத்தா?" என்றாள் அக்கா.

"ஒரு வீட்டுல."

"எப்படிடா குடுத்தாங்க? இந்த ஊருல தொடவே விடமாட்டாங்களே."

"கேட்டேன், குடுத்தாங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குத் தாலி ஏறியது. மணமக்கள் அந்தக் கொம்பை மூன்று முறை சுற்றினார்கள். பிள்ளை குட்டியோடு நல்லா இருங்க என்று எல்லோரும் அட்சதை போட்டார்கள். நானும் அதையே சொல்லிப் போட்டேன்.

பந்தி முடிந்து பையை எடுத்தபோது அக்கா கேட்டாள், "அடுத்து எந்த ஊருடா?"

வாயில் வந்த ஊர் ஜெய்ப்பூர். சொல்லிவிட்டதால் அங்கேயே போனேன்.