தாய்மாமன் போட்ட கம்மல்

என் மகளுக்குக் காது குத்திய மஞ்சள் கூடக் காயவில்லை, காய்ச்சல் வந்தது. இடது காதைப் பிடித்து இழுத்து இழுத்து அழுதாள். அதற்கு முன்பே நல்ல சளி. தண்டையார்ப்பேட்டையில் எந்தக் குழந்தைக்குத்தான் சளி இல்லை என்று அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காதில் புதுக் கம்மல் இருந்தது. அதைப் போட்டது என் அண்ணன். நோய் இன்னதென்று எங்கள் வீட்டில் முடிவு செய்ய அது போதும்.

காது குத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். கம்மலும் அவன் சீர்தான். அண்ணன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். வண்ணாரப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி அந்தக் கம்மலை வாங்கியிருந்தான்.

"நான் ஒன்னியும் சொல்லலம்மா," என்றார் என் மாமியார். ஏதாவது சொல்லப் போகிறார் என்று அர்த்தம். "நல்ல தங்கம்னா கொயந்த இப்டி அய்வுமா?"

"ரெண்டு காதுலயும் அதே கம்மல்தானே அத்தே? வலது காது சும்மாதானே கீது?"

"அது தங்கமா இருக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் பால் பாட்டிலைக் கழுவப் போய்விட்டேன். மாமியார் காது மடலில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினார். என் கணவர், தனக்கு முன்பு காதில் அழுக்கு அடைத்தபோது வாங்கிய சொட்டு மருந்தைத் தேடி எடுத்து வந்தார். அது பெரியவர்களுக்கு என்றேன். "காது காதுதானே," என்றார். அதைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தேன்.

மறுநாள் அண்ணன் வந்தான். அவன் காதுபடவே கவரிங் என்ற சொல் வீட்டில் விழுந்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. அழுகிற குழந்தையின் இடது கம்மலைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். வண்ணாரப்பேட்டையில் தங்கத்தை மெஷினில் வைத்துப் பார்த்துச் சொல்கிற கடை இருக்கிறது. காதுக்குள் என்ன என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கம்மலுக்குள் என்ன என்று பார்க்க ஆள் போயாயிற்று.

மத்தியானம் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான். "சுத்தத் தங்கம் அத்தே! மெஷினே சொல்லிடிச்சி!" மாமியார் அப்போது பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கரண்டியில் ஆற வைத்திருந்தார், காதுக்குள் விட. நான் குழந்தையைத் தூக்கினேன். தலையணையில் அவள் காது இருந்த இடம் மஞ்சளாக நனைந்திருந்தது. காதிலிருந்து சீழ் வழிந்துகொண்டிருந்தது. "எல்லாரும் நகருங்க," என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ராயபுரத்துக் குழந்தை மருத்துவர் விளக்குப் பிடித்துக் காதுக்குள் பார்த்தார். கம்மல் போட்ட இடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சளியில வந்த இன்பெக்ஷன். செவிப்பறைக்குப் பின்னாடி சீழ் கட்டி, பறை ஓட்டை ஆகி வெளிய வந்திருக்கு. உள்ள எதையும் ஊத்திடாதீங்க. எண்ணெய், சொட்டு மருந்து, தண்ணி, எதுவும்." ஆன்டிபயாடிக் சிரப்பும் வலிக்கு ஒரு மருந்தும் எழுதினார். "ஓட்டை பெரும்பாலும் தானா மூடிக்கும். காது கேக்குறது சரியா இருக்கான்னு மட்டும் கவனிங்க. இடது பக்கம் பின்னாலிருந்து மெதுவா கூப்பிட்டா, அந்தப் பக்கமே திரும்பணும்."

வீட்டில் இந்த வைத்தியம் யாருக்கும் பிடிக்கவில்லை.

"காதுல நோவு, வாயில மருந்தா?" என்றார் மாமியார். காய்ச்சல் விட்டதும், "அதான் ஆறிடிச்சே, இன்னாத்துக்கு இன்னும் ஊத்திகினு கீற?" என்றார். சொன்ன நாள் வரைக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சிரப்பை நிம்மதியாகக் கொடுக்க முடிந்தது.

சிரப் முடிந்தது, சீழும் நின்றது. கணவர் குழந்தையின் மூக்குக்கு முன்னால் தட்டைத் தட்டினார். அவள் தட்டைப் பார்த்தாள். "கேக்குது," என்று அறிவித்துவிட்டு வேலைக்குப் போனார். நான் இடது பக்கம் பின்னாலிருந்து கூப்பிட்டேன். ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். விளையாட்டு மும்முரம் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். குளிக்கும்போது மட்டும் அழுதேன்.

நான் நகரச் சொல்லிக் கத்திய நாளுக்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு சாயங்காலம் வந்தான். குழந்தை என் மடியில், என் செயினைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாசல் அவளுக்கு இடது பக்கம் பின்னால். செருப்பைக் கழற்றாமல் வாசலுக்கு வெளியே நின்றபடி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கூப்பிட்டான்.

"பாப்பா..."

அவள் செயினை விட்டாள். தலை இடது பக்கம் திரும்பியது.

அண்ணன் உள்ளே காலை வைத்தான்.

"வராத!" என்று கத்தினேன். அவன் முகம் மறுபடியும் செத்தது.

"அங்கியே நில்லுண்ணா. இன்னொரு தபா கூப்டு."